சுகர் வந்தவர்களுக்கு டயட் பானமும் சுகர் ஃப்ரீ மாத்திரையும்: பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு வழிகாட்டி

சுகர் என்று ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான்: "சீனியை நிறுத்துங்க." வரிசையில் பின்னால் இன்னும் நாற்பது பேர் நிற்பார்கள், அவரையும் குறை சொல்ல முடியாது. வெளியே மருந்துக் கடைக்கு வந்தால் சுகர் ஃப்ரீ மாத்திரை, சுகர் ஃப்ரீ பிஸ்கட், சுகர்காரர்களுக்கான சத்து பவுடர் என்று மேசை நிறைய எடுத்து வைப்பார்கள். வீட்டுக்கு வந்தால் ஒருவர் "அதெல்லாம் கேன்சர்" என்பார். இன்னொருவர் "கருப்பட்டி போட்டுக் குடி, ஒண்ணும் செய்யாது" என்பார். இதில் எதைக் கேட்பது?

என் வீட்டுக்காரர் போட்டில் கடலுக்குப் போகிறவர், மாத்திரை சாப்பிடுகிறார். மாமனாருக்கு இன்சுலின். ஒரே வீட்டில் இரண்டு விதமான கணக்கு. நர்சம்மாவைக் கேட்டும், டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படித்தும் நான் சேர்த்து வைத்ததைத்தான் எழுதுகிறேன். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று நம் கரையில் புதிதாகச் சுகர் வந்த யாருக்கும் இது உதவும்.

சுகர் ஃப்ரீ மாத்திரையிலும் டயட் பானத்திலும் சீனிக்குப் பதிலாக இருக்கும் இனிப்பூட்டி ஒரு மருந்து கிடையாது. அதைச் சாப்பிடுவதால் சுகர் இறங்காது. சீனிக்குப் பதிலாக அதைப் போட்டால் உள்ளே போகும் சீனி குறையும், அந்த அளவுக்குத்தான் அதற்கு வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. முதலில் நிலவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்த மாத்திரை டப்பாவும் வாங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை மூன்று ரிப்போர்ட்: வெறும் வயிற்றுச் சுகர், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்த சுகர், எச்.பி.ஏ.ஒன்.சி. கடைசியில் சொன்னது சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும். 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் 126, சாப்பிட்ட பின் 200 என்பவையும் அதே எல்லைதான். இவற்றோடு கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கீழே சில விஷயங்கள் மாறும்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சுகர் பார்க்கக் காசு கிடையாது. தனியார் லேபில் எச்.பி.ஏ.ஒன்.சி. மட்டும் சில நூறு ரூபாய் ஆகும். எடுத்துப் போக வேண்டியவை: ஆதார் நகல், ஆதாரோடு இணைத்த போன், பழைய சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள். பெயரை எழுதிக்கொண்டு போவதைவிட அட்டையையே கொண்டுபோங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயரைப் பதிந்துகொண்டால் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீடு தேடி வரும். உங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் கேளுங்கள். மாத்திரைச் செலவு மிச்சமானால் வீட்டிலேயே சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டருக்கு அந்தக் காசில் பட்டை வாங்கலாம்.

விசைப்படகில் போகிறவர்களுக்கு, கடலுக்குப் போக அனுமதிச் சீட்டான டோக்கன் இல்லாத நாளில்தான் ஆஸ்பத்திரி. ஆற அமரப் போக ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆனால் ஒன்று. தடைக்காலத்தில் உடம்பு வேலை குறைவு, வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பாடு. அப்போது வரும் சுகர் எண் வேறு, கடலுக்குப் போகும் மாதத்தில் வரும் எண் வேறு. தடைக்காலத்தில் கூட்டிய மாத்திரையை அப்படியே சாப்பிட்டுக்கொண்டு ஜூன் 15-ஆம் தேதி வலை இழுக்கப் போனால் சுகர் திடீரென்று இறங்க வாய்ப்பு உண்டு. போட் கடலில் இறங்கும் முன் டாக்டரிடம் "வேலைக்குப் போகப் போகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

2. சீனி எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள்

ஒரு பழைய நோட்டு போதும். வாயில் போகும் ஒவ்வொரு திரவத்தையும் ஒரு வாரம் எழுதுங்கள். சாப்பாட்டைப் பிறகு பார்க்கலாம், முதலில் குடிப்பதை மட்டும்.

எங்கள் வீட்டு நோட்டில் முதலிடம் பிடித்தது டீ. குவித்துப் போட்ட இரண்டு கரண்டி சீனி சுமார் 10 கிராம். துறைமுகத்தில் காலையில் ஒன்று, ஐஸ் ஏற்றும்போது ஒன்று, வலை பின்னும்போது இரண்டு, சாயங்காலம் ஒன்று. ஐந்து டீக்கு 50 கிராம் ஆகிவிட்டது. லட்டு, ஜிலேபி எதையும் தொடாத மனிதருக்கு இந்தக் கணக்கு!

அடுத்தது கலர். சாதாரண கோலாவில் 100 மில்லிக்கு 10, 11 கிராம் சீனி இருக்கும். 250 மில்லி பாட்டிலைக் காலி செய்தால் 25 கிராமுக்கு மேல். கோலி சோடாவில் சும்மா சோடா என்றால் சீனி இல்லை, பன்னீர் சோடா, கலர் சோடா என்றால் உண்டு. நன்னாரி சர்பத் உடம்புக்குக் குளிர்ச்சி என்பார்கள். நன்னாரி இருப்பது கொஞ்சம்தான், பாகு முழுக்கச் சீனி.

பதநீர் விஷயத்தில்தான் வீட்டில் சண்டை வரும். சாயல்குடி, கடலாடிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் சீசனில் குடம் குடமாக வரும். மரத்திலிருந்து வருகிறது, மருந்தடிக்காதது, எல்லாம் உண்மை. ஆனால் அதிலும் 100 மில்லிக்கு 10 கிராமுக்குக் குறையாமல் சீனிச் சத்து இருக்கிறது. கோலாவுக்குச் சமம். அந்தப் பதநீரைக் காய்ச்சி இறுக்கியதுதான் கருப்பட்டி என்பதால் கருப்பட்டிக் காப்பியும் சீனிக் காப்பியும் சுகர்காரருக்கு ஏறக்குறைய ஒன்றே. நாட்டுச் சர்க்கரை, தேன் இரண்டும் அதே கணக்கு. நுங்கு இளசாக இருந்தால் ஒன்றிரண்டு பரவாயில்லை. இளநீரில் சீனி குறைவு, ஆனாலும் முழுக்காய் ஒன்றில் 10 கிராம் வரை இருக்கலாம். கிரியாட்டினின் கூடியவர்கள் இளநீரில் உள்ள பொட்டாசியத்துக்காக டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும்.

3. இனிப்பூட்டி வாங்குவது எப்படி

கடையில் "சுகர் ஃப்ரீ குடுங்க" என்று கேட்காதீர்கள். கையில் கிடைத்ததைத் தருவார்கள். எந்தச் சரக்கு என்று சொல்லிக் கேளுங்கள்.

அஸ்பார்டேம்: சீனியைப் போல 200 மடங்கு இனிப்பு. ஆறிய பானத்துக்கும், இறக்கி வைத்த டீயில் போட்டுக் கலக்கவும் சரி. அடுப்பில் கொதிக்க வைத்தால் சிதைந்து இனிப்புப் போய்விடும்.

சுக்ரலோஸ்: 600 மடங்கு இனிப்பு, சூட்டைத் தாங்கும். பாயசம், கொதிக்கும் டீ இரண்டுக்கும் ஆகும். நான் சமையலுக்கு வாங்குவது இதைத்தான்.

ஸ்டீவியா: ஒரு செடியின் இலையிலிருந்து எடுப்பது. சூடு தாங்கும், கடைசியில் நாக்கில் லேசாகக் கசக்கும். "இயற்கை" என்பதற்காகக் கூடுதல் விலை வைத்திருப்பார்கள். பிடித்தால் வாங்குங்கள், சுகருக்கு அதனால் தனி லாபம் இல்லை.

சாக்கரின்: மலிவு, பழையது. உலோகத்தை நக்கியது போல ஒரு பின்சுவை.

மாத்திரை, பொடி, சொட்டு என்று மூன்று வடிவத்தில் வரும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மாத்திரை நல்லது. பொதுவாக ஒரு மாத்திரை ஒரு டீஸ்பூன் சீனியின் இனிப்புக்குச் சமம், டப்பாவிலேயே போட்டிருக்கும். எத்தனை போட்டோம் என்று எண்ணவும் முடியும். பொடியில் அளவுக்காக மால்டோடெக்ஸ்ட்ரினோ டெக்ஸ்ட்ரோஸோ சேர்த்திருப்பார்கள். இரண்டும் சுகரை ஏற்றக்கூடிய மாவுச்சத்துதான். ஒரு சிட்டிகைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, கரண்டி கரண்டியாகக் கொட்டினால் கணக்கில் ஏறும். கடலோரக் காற்றில் பொடி இரண்டு வாரத்தில் கட்டி தட்டிவிடுவதால் பெரிய டப்பா வாங்காதீர்கள். விலை ஊருக்கு ஊர் மாறும், ஒரு டீக்கு ஒரு ரூபாய்க்குள் முடிகிற மாதிரிப் பார்த்து வாங்குங்கள். அதற்கு மேல் போனால் பேருக்குத்தான் விலை.

டீக்கடையில் எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். "சீனி கம்மி" என்றால் ஒரு கரண்டி உறுதி. "சீனி இல்லாம" என்றாலும் மாஸ்டர் பழக்கத்தில் கிளாசின் அடியில் முதலிலேயே போட்டு வைத்த சீனியின் மேல் பாலை ஊற்றிவிடுவார். ஆற்றுவதற்கு முன்னால் கிளாசை எட்டிப் பாருங்கள். அடியில் வெள்ளையாகத் தெரிந்தால் வேறு கிளாஸ் கேளுங்கள். மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்திருங்கள், வேர்வை படாமல் சின்ன டப்பாவில். பாலிலும் இயற்கையாகச் சீனிச் சத்து உண்டு என்பதை மறக்க வேண்டாம். மாத்திரை போட்டாயிற்று என்று ஐந்து டீயை எட்டாக்கினால் கணக்கு திரும்ப வந்து நிற்கும்.

4. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கம் விளம்பரம். பின்பக்கத்தில்தான் விஷயம். எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

முதலில் ஊட்டச்சத்துப் பட்டியல். அதில் மூன்று வரி: மொத்த மாவுச்சத்து, மொத்த சர்க்கரை, சேர்த்த சர்க்கரை. பலர் கடைசி வரியில் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள். சுகர்காரர் பார்க்க வேண்டியது முதல் வரியை. சுகர் ஃப்ரீ பிஸ்கட் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சேர்த்த சர்க்கரை 0, மொத்த மாவுச்சத்து 100 கிராமுக்கு அறுபதைத் தாண்டும். மைதா எங்கே போகும்? சாதாரண மாரி பிஸ்கட்டைவிட அது பெரிதாக உசத்தி இல்லை, விலை மட்டும் கூடுதல். என்னைக் கேட்டால் அந்த அலமாரிப் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

"சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று எழுதிய பழச்சாறும் அதே கதை. பழத்தின் சொந்தச் சீனி முழுக்க உள்ளே இருக்கும்.

அடுத்தது சேர்மானப் பட்டியல். இனிப்பூட்டிக்குப் பெயர் போடாமல் எண் போட்டிருப்பார்கள். இந்த எண்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மணிபர்சில் வையுங்கள்: 950 அசிசல்ஃபேம் கே, 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா. இவை இரத்தச் சர்க்கரையை ஏற்றாதவை. 420 சார்பிட்டால், 965 மால்டிட்டால் என்றிருந்தால் அவை வேறு வகை. சீனியைவிடக் குறைவாகத்தான் ஏற்றும், ஆனால் ஏற்றும். சுகர் ஃப்ரீ சாக்லேட்டில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். நாலைந்து துண்டு தின்றால் வயிறு கலக்கும். போட்டில் போகிற அன்று தின்றுவிட்டு அவதிப்பட வேண்டாம்.

"லைட்", "லோ சுகர்" என்ற சொற்களை நம்ப வேண்டாம். "டயட்", "ஜீரோ" என்றிருந்தாலும் 100 மில்லிக்கு மொத்த சர்க்கரை 0 என்று பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். 14 இலக்க உணவு உரிம எண்ணும் தயாரித்த தேதியும் இல்லாத உள்ளூர்க் "குறைந்த சீனி" பாட்டில்களை விட்டுவிடுங்கள். அவற்றில் என்ன கலந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

5. டயட் பானம்: எப்போது, எவ்வளவு

கல்யாண வீட்டில் எல்லாரும் கலர் குடிக்கும்போது நீங்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. சீனி சேர்க்காத டயட் பானம் குடித்தால் இரத்தச் சர்க்கரை ஏறாது. அதற்காக அதைத் தாகத்துக்குக் குடிக்கும் தண்ணீராக ஆக்கிவிடாதீர்கள். டயட் கோலாவில் காஃபின் உண்டு, பல்லை அரிக்கும் அமிலம் உண்டு, சிறுநீரகம் பழுதானவர்கள் தவிர்க்க வேண்டிய பாஸ்பரஸும் உண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. நம் பக்கம் குழாயில் வருவது உப்புக் கரிக்கும், குடத்துக்குக் காசு கொடுத்துத்தான் நல்ல தண்ணீர் வாங்குகிறோம். "தண்ணிக்குக் குடுக்கிற காசுக்கு ஒரு டின் குடிக்கலாமே" என்று என் வீட்டிலேயே ஒருவர் வாதாடினார். ஒரு டின் டயட் கோலா விலைக்கு எத்தனை குடம் தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் பேச்சு நின்றது. டயட் என்பதால் வரியும் குறையாது. இனிப்பூட்டி போட்ட சோடா பானங்களுக்கும் சீனி போட்டவற்றுக்கும் ஜி.எஸ்.டி. ஒரே 40 சதவீதம்தான்.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். இது நம் கரைக்கென்றே சொல்ல வேண்டிய எச்சரிக்கை. சின்னக் கடைகளில் டயட் டின் மெதுவாகத்தான் விற்கும். சாதாரணக் கோலா இரண்டு நாளில் தீரும் இடத்தில் இது மாதக் கணக்கில் கிடக்கும். அதிலும் ராமேஸ்வரம் சாலையோரக் கடைகளில் பெட்டி பெட்டியாக வெயிலில் அடுக்கியிருப்பார்கள். அஸ்பார்டேம் சூட்டில் நாளாக ஆகச் சிதையும். குடித்தால் கெடுதல் என்று இல்லை, ஆனால் இனிப்பே இருக்காது, புளித்த சோடா போல இருக்கும். பலர் "டயட் என்றாலே இப்படித்தான்" என்று நினைத்துப் பழைய கலருக்கே திரும்பிவிடுகிறார்கள். கூட்டம் வரும் கடையில், பிரிஜ்ஜின் உள்ளிருந்து, தேதி புதிதாகப் பார்த்து வாங்குங்கள்.

இனி அந்தக் கேன்சர் பயம். 2023 ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமைப் "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி வகையில் சேர்த்தது. சான்று போதாத நிலையில் சந்தேகத்துக்கு இடமுள்ளவற்றை வைக்கும் வகை அது. அதே வேளையில் அளவைப் பார்க்கும் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. ஒரு டின்னில் 200, 300 மில்லிகிராம் இருந்தால் 70 கிலோ ஆள் தினமும் 9 டின்னுக்கு மேல் குடித்தால்தான் அந்த வரம்பைத் தாண்டுவார். டீயில் போடும் இரண்டு மூன்று மாத்திரை அதன் பக்கத்தில்கூட வராது. அதே ஆண்டு மே மாதத்தில், எடை குறைக்க இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு சொன்னதும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அந்தப் பரிந்துரை ஏற்கெனவே சுகர் உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரியை யாரும் ஃபார்வேர்டு செய்வதில்லை.

டயட் பானத்துக்கு மாற்று வேண்டுமா? எலுமிச்சை பிழிந்த சோடாவில் சிட்டிகை உப்பு, நீர் மோர், ஜில்லென்ற பச்சைத் தண்ணீர். சர்பத் கடையில் "பாகு ஊத்தாம, உப்பு சோடா" என்று கேட்டால் போட்டுத் தருவார்கள். பிரஷர் இருப்பவர்கள் உப்பையும் விட்டுவிட வேண்டும்.

6. கடலுக்குப் போகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது

சுகர் ஏறுவது மெல்லக் கெடுக்கும். இறங்குவது அரை மணி நேரத்தில் ஆளைச் சாய்க்கும். இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரவெல்லாம் வலை இழுத்து, சாப்பாடு தள்ளிப்போனால் சுகர் 70-க்குக் கீழே போகலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. உங்கள் மாத்திரை எந்த வகை என்று டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள்.

அறிகுறி: கை நடுக்கம், குளிர் வேர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல், பேச்சுக் குழறல். கடலில் பிரச்சினை என்னவென்றால் எல்லாருக்குமே வேர்க்கும். பேச்சுக் குழறினால் கூட இருப்பவர்கள் "ஏத்திட்டு வந்திருக்கான்" என்று நினைத்துத் தூங்கச் சொல்லிவிடுவார்கள். அதனால் போட்டு டிரைவரிடமும் கூட வரும் ஒருவரிடமும் "எனக்குச் சுகர் இருக்கு, இப்படி ஆனா இதைக் குடு" என்று முன்கூட்டியே சொல்லி, பொட்டலத்தையும் காட்டி வைக்க வேண்டும். வெட்கப்படுகிற விஷயம் இல்லை இது.

அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்க வேண்டும்? குளுக்கோஸ் பவுடர். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண டப்பா போதும். குவித்து மூன்று டீஸ்பூன், சுமார் 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் பொறுத்துச் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சோறோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். குளுக்கோஸ் இல்லாத இடத்தில் சீனித் தண்ணீர், அல்லது சாதாரணக் கோலா அரை கிளாசுக்குச் சற்று மேலே, 150 மில்லி.

சாதாரணக் கோலா என்று அழுத்திச் சொல்கிறேன். டயட் கோலா கொடுத்தால் சுகர் ஒரு புள்ளிகூட ஏறாது. சுகர் ஃப்ரீ மாத்திரை போட்ட டீயும் அப்படியே. "சுகர்காரர், அவருக்குச் சீனி ஆகாது" என்று பதறிப் போய் டயட் டின்னை உடைத்துக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஐஸ் பெட்டியில் இரண்டும் கலந்து கிடந்தால் இருட்டில் எது எது என்று தெரியாது. டயட் டின்னைப் போட்டில் ஏற்றாதீர்கள். அது கரையில் குடிப்பதற்கு.

வோக்லிபோஸ், அகார்போஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். அந்த மருந்து சீனி உடைவதையே தாமதப்படுத்தும். அவர்களுக்குச் சீனி, கோலா, கருப்பட்டி எல்லாம் மெதுவாகத்தான் வேலை செய்யும். குளுக்கோஸ்தான் வேண்டும். கூட்டு மாத்திரைகளில் இது ஒளிந்திருக்கும் என்பதால் அட்டையில் பெயரைத் தேடிப் பாருங்கள்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குச் சொல்லிக் கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் என்றால் 108.

வெயிலில் வாந்தி, பேதி என்று உடம்பு வற்றினால் உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் குடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். குடிக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் சேர்மானப்படி ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது, அது கோலாவில் எட்டில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் உயிர் பெரிதா, எண் பெரிதா? ஆனால் பெட்டிக்கடையில் அதே போலப் பெயர் வைத்து அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்பு பானங்களை வாங்க வேண்டாம். மருந்துக் கடையில் பொட்டலமாக வாங்கி ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கலக்குங்கள். டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர் கூடுதலாகப் போகும். வாந்தி, பேதி நாளில் அதை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று முன்பே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

இன்சுலினை மீன் ஐஸ் பெட்டியில் போடாதீர்கள். உறைந்த இன்சுலின் வீண், உருகியதும் பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் துணி சுற்றி, ஐஸ் மேலே படாமல், நிழலில் வையுங்கள். குளுக்கோமீட்டர் பட்டை டப்பாவையும் எடுத்த உடனே மூட வேண்டும். உப்புக் காற்றின் ஈரம் பட்டால் எண் தவறாக வரும். குத்துவதற்கு முன் கையைத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பதநீரோ பழமோ பட்ட விரலில் குத்தினால் இல்லாத சுகர் ஏறித் தெரியும்.

7. விருந்து, நோன்பு, பண்டிகை

பாயசம் சுக்ரலோஸில் வரும். சேமியாவையும் பாலையும் குறைத்து, கடைசியில் மாத்திரையைப் பொடித்துப் போடுங்கள். கீழக்கரைத் தொதலும் வட்டலப்பமும் வராது. அவற்றில் கருப்பட்டி இனிப்புக்காக மட்டும் இல்லை, பதமே அதில்தான் இருக்கிறது. இனிப்பூட்டியில் கிளறினால் தேங்காய்ப்பால் கஞ்சிதான் மிஞ்சும். ஒரு சின்னத் துண்டு அசலைத் தின்றுவிட்டு அந்த வேளைச் சோற்றைக் குறைப்பது மேல்.

ரமலானில் நோன்பு வைப்பவர்கள் பிறை தெரிவதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பு திறக்கும்போது ரோஸ் மில்க்கை டயட் பானமாக மாற்றுவதில் பெரிய பிரயோசனம் இல்லை. கஞ்சியும் வடையும்தான் அங்கே பெரிய கணக்கு.

8. கேட்டுவிட்டுத் தொட வேண்டியவர்கள்

கர்ப்பிணிகள், டாக்டரிடம் கேட்காமல் எதுவும் வேண்டாம், சாக்கரின் அறவே வேண்டாம். குழந்தைகளுக்கு இனிப்பூட்டி பரிந்துரைக்கப்படவில்லை என்று டப்பாவிலேயே இருக்கும். பேரன் பேத்திகள் மாத்திரை டப்பாவை மிட்டாய் என்று எடுத்துவிடாமல் உயரத்தில் வையுங்கள். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அஸ்பார்டேம் கூடவே கூடாது.

9. மூன்று மாதம் கழித்து

எச்.பி.ஏ.ஒன்.சி. திரும்பப் பாருங்கள். அதற்கு முன்னால் பார்த்தால் மாற்றம் முழுதாகத் தெரியாது. இதற்கிடையில் டீக்கு இரண்டு மாத்திரை என்பதை ஒன்றாக்குங்கள், பிறகு அரை. நாக்கு பழகிக்கொள்ளும், என் வீட்டுக்காரர் இப்போது கட்டன் டீயை வெறுமனே குடிக்கிறார். மாமனார் இன்னும் இரண்டு மாத்திரைக்குக் குறைய மாட்டேன் என்கிறார். எண்பது வயதில் அவரோடு மல்லுக்கட்ட எனக்கும் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

எண் குறையவில்லை என்றால் இனிப்பூட்டியை மாற்றிப் பயனில்லை. சோறு, இட்லி, புரோட்டா அளவைப் பாருங்கள், மாத்திரை விட்டுப்போகிறதா என்று பாருங்கள். டெஸ்டுக்குப் போகும் காலையில் எட்டு மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். "சீனி போடாத டீதானே" என்று குடித்துவிட்டுப் போகாதீர்கள், பால் கணக்கில் வரும். டயட் பானமும் வேண்டாம். தண்ணீர் மட்டும் குடிக்கலாம். டெஸ்ட் எடுத்த கையோடு சாப்பிட இட்லிப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் போங்கள், லேப் வரிசை எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது.